தாய்வழிக்குன்னு தனியா காசு குடுத்து மாடு வாங்கலாமா? நாலு வழிய ஒப்பிட்டுப் பாப்போம்

தென்னாப்பிரிக்கா குவாசுலு-நடால் கரையோரம், டொங்காட், வெருலம், ஸ்டேங்கர் பக்கம் கரும்புக்கு நடுவுல கொஞ்சம் நெலம் வச்சுக்கிட்டு பத்து இருபது மாடு வளக்கற நம்ம ஆளுங்க கொஞ்ச நாளா ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க. ஏலத்துல ஒரு கிடாரிக்குச் சொல்ற வெலையில சாதா கிடாரி மூணு வாங்கிடலாம், ஏன் இவ்வளவுன்னு கேட்டா "இது நல்ல தாய்வழி, மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும், ஒடம்போட சக்தியே அதுலதான் இருக்கு"ன்னு விக்கிறவரு சொல்றாரு. அவரு சொல்றது முழுப் பொய் இல்ல. ஆனா அதுக்காக மூணு பங்கு வெல குடுக்கலாமாங்கறது வேற கேள்வி.

கையில இருக்கற காசு ஒண்ணு, செலவு பண்ற வழி நாலு. பேர்போன தாய்வழிக் கிடாரி ஒண்ணு ரெண்டு வாங்கறது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ டெஸ்ட் பண்ணி அத வச்சு மாடு பொறுக்கறது. பேரப் பாக்காம ரெக்கார்டு, ஈபிவி நம்பர் (மாட்டோட பொறவிக் குண மதிப்பீடு) பாத்து வாங்கறது. இல்லைனா பக்கத்துல கெடைக்கிற சாதா பசுவையே வாங்கிட்டு மிச்சக் காசையெல்லாம் ஒரு நல்ல காளை மேல போடறது. என் கருத்த மொதல்லயே சொல்லிடறேன், பிடிக்கலைன்னா சண்டை போட்டுக்கலாம்: அம்மாவப் பாத்து மாடு வாங்கறது ரொம்ப சரி, அம்மாவோட மைட்டோகாண்ட்ரியாவப் பாத்து வாங்கறது காசுக்குக் கேடு. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஒண்ணு இல்ல.

## எத வச்சு அளக்கப் போறோம்

மொதல் அளவு, நான் குடுக்கற காசுல எவ்வளவு நெசமாவே கன்னுக்கு எறங்குது. நமக்கு வருமானமே பால் மறந்த கன்னு விக்கிறதுலதான, வீனர் எடை ஏறலைன்னா தாய்வழி எவ்வளவு பெருசா இருந்தாலும் என்ன பிரயோஜனம்.

ரெண்டாவது, அந்த அம்மா நல்லா இருந்ததுக்குக் காரணம் அதோட பொறவிக் குணமா, இல்ல அது மேஞ்ச புல்லாங்கறத பிரிச்சுப் பாக்க முடியுமா. இதுல தான் பாதிப் பேரு ஏமாறறது.

மூணாவது, மறைஞ்சு நிக்கிற செலவு. ஏலத்துல தட்டற வெலை ஆரம்பம் மட்டும்தான், அதுக்கப்பறம் டிரான்ஸ்போர்ட்டு, தனியா கட்டி வைக்கறது, ரத்த டெஸ்ட்டு, நம்ம கரையோரத்து உண்ணி, எல்லாம் வரிசையா வரும்.

நாலாவது, தப்பாப் போச்சுன்னா எவ்வளவு போகும். குவாசுலு-நடால்ல மாட்டுத் திருட்டு எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. மூணு மாட்டுல ஒண்ணு போனா ரெண்டு மிச்சம், ஒரே மாடு வச்சிருந்து அது போச்சுன்னா போச்சுதான்.

## மைட்டோகாண்ட்ரியா கணக்கு: எவ்வளவு நெசம், எவ்வளவு பேச்சு

மாட்டோட டிஎன்ஏ கிட்டத்தட்ட முழுசும் செல்லோட உட்கருவுக்குள்ள இருக்கு, அது பாதி அப்பா பாதி அம்மா. அதுக்கு வெளிய, செல்லுக்குச் சக்தி எடுத்துக் குடுக்கற மைட்டோகாண்ட்ரியாக்குள்ள ஒரு சின்ன வட்டம் மாதிரி இன்னொரு டிஎன்ஏ இருக்கு, மாட்டுக்கு அது மொத்தமே 16,338 எழுத்து, 1982லயே முழுசா படிச்சு வெளியிட்டுட்டாங்க. இது அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். காளையோட விந்தணுலயும் மைட்டோகாண்ட்ரியா இருக்கு, ஆனா முட்டைக்குள்ள போனதும் அதுமேல ஒரு அடையாளம் விழுந்து அழிஞ்சிடுது, 1999ல மாட்டுலயும் குரங்குலயும் பாத்து இத சொன்னாங்க. நம்ம ஊர்ல கவெண்டர், நாயுடு, பிள்ளைன்னு சர்நேம் அப்பா வழியா மட்டும் போற மாதிரி இது அம்மா வழியா மட்டும் போகுதுன்னு வச்சுக்கங்க. பத்து தலைமுறை போனாலும் பேரு அப்படியே இருக்கும், ஆனா பேர மட்டும் வச்சு ஒருத்தன் எவ்வளவு உழைப்பான்னு சொல்ல முடியுமா?

சரி, இந்தக் குட்டி டிஎன்ஏல என்ன இருக்கு? 37 ஜீன், அதுல புரோட்டீன் செய்யறது 13 மட்டும். அந்த 13ம் முக்கியமானதுதான், தீனியில இருந்து சக்தி எடுக்கற கடைசிக் கட்ட வேலைல எல்லாம் இருக்கு. ஆனா மைட்டோகாண்ட்ரியா வேலை செய்ய ஆயிரத்துக்கும் மேல புரோட்டீன் வேணும், மிச்சமெல்லாம் உட்கருவுல இருந்து வருது, அதாவது அப்பா அம்மா ரெண்டு பேரும் குடுக்கறது. அதனால "சக்தியெல்லாம் மைட்டோகாண்ட்ரியாலதான், அது அம்மா குடுத்தது"ன்னு சொல்றப்ப மொதப் பாதி சரி, ரெண்டாம் பாதி முக்கால்வாசிக்கு மேல தப்பு. இதுக்கு நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு. 2006ல அமெரிக்காவுல ஆங்கஸ் காளைக்கன்னுகள வச்சு, கம்மித் தீனில நல்லா வளர்றதுக்கும் நெறைய தின்னும் அதே அளவே வளர்றதுக்கும் என்ன வித்தியாசம்னு பாத்தாங்க. மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யற வேகத்துல வித்தியாசம் இருந்துச்சு, ஆனா மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏல அவங்க பாத்த மாற்றங்களுக்கும் தீனிக் கணக்குக்கும் சம்பந்தம் கெடைக்கல.

அப்போ தாய்வழி டிஎன்ஏக்கு பலனே இல்லையான்னா, அப்படியும் ஒரே அடியா சொல்லிட முடியாது. 1985ல வட கரோலினாவுல பால் மாட்டு ரெக்கார்டெல்லாம் எடுத்துத் தாய்வழி வாரியா பிரிச்சு, மாட்டுக்கு மாடு பால்ல இருக்கற வித்தியாசத்துல ஏறக்கொறைய 2 சதவீதம் இந்த வழியால வருதுன்னாங்க. அடுத்த வருஷமே கனடா ஆராய்ச்சியாளர் கென்னடி, சாதாரண உட்கரு வழி உறவ சரியா கழிக்கலைன்னா அதுவே தாய்வழி பலன் மாதிரி வேஷம் போடும்னு எழுதினாரு, அதனால அந்த 2 கூட கொஞ்சம் பெருசா வந்திருக்கலாம். அப்பறம் 90கள்ல அயோவா ஸ்டேட் யூனிவர்சிட்டில அவங்க மந்தையிலேயே டி-லூப்ங்கற பகுதிய படிச்சு சில எழுத்து மாற்றத்துக்கும் பால், கொழுப்புக்கும் தொடர்பு காட்டினாங்க. ஜப்பான்ல கருப்பு மாட்டுக் கறில கொழுப்பு ஓடற அளவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு 1998லயும் 2003லயும் வந்துச்சு. மேற்கு ஆஸ்திரேலியாவுல ஹெரஃபோர்ட் மாடுகளயும் ஒரு கலப்பு மந்தையயும் வச்சு கன்னு போடற விகிதத்தோட தொடர்பு இருக்குன்னு 2002ல எழுதினாங்க. எல்லாம் நெசமான ஆராய்ச்சிதான். ஆனா ஒரு மந்தையில கண்டுபிடிச்ச எழுத்து மாற்றம் இன்னொரு எனத்துல, இன்னொரு புல்லுல அதே மாதிரி வேலை செய்யும்னு யாரும் எழுதிக் குடுக்கல, குடுக்கவும் முடியாது.

இப்போ அந்த 2 சதவீதத்த கிலோவுல பாப்போம், ஏன்னா 2 சதவீதம்னதும் 200 கிலோ கன்னுல 4 கிலோன்னு நெனைக்கறாங்க, கணக்கு அப்படி இல்ல. வித்தியாசத்த அளக்கற அளவு வர்க்கத்துல இருக்கு, அதனால வர்க்கமூலம் எடுக்கணும், 0.02க்கு வர்க்கமூலம் 0.14. பால் மறக்கற எடை கன்னுக்குக் கன்னு 25 கிலோ அளவுக்கு ஏறி எறங்குதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சா, சராசரிய விட ஒரு படி (ஒரு ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) நல்ல தாய்வழின்னா கெடைக்கறது 3.5 கிலோ. அதுவும் அந்த ஒரு பசு போடற ஒரு கன்னுக்கு. பால் மாட்டுக் கணக்க கறி மாட்டுக்குப் போட்டதே கொஞ்சம் தாராளம்தான். பக்கத்துலயே இதயும் வச்சுப் பாருங்க: வீனர் எடைல பொறவி வழி வர்றது 25 சதவீதம்னு எடுத்தா, 0.25க்கு வர்க்கமூலம் 0.5, அதாவது 12.5 கிலோ, ஒரு படி நல்ல காளை தன் பங்குக்கு அதுல பாதி குடுக்கும், அது 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல, அந்தக் காளை போட்ட ஒவ்வொரு கன்னுக்கும். பத்துப் பசு இருந்தா ஒரு பக்கம் 60 கிலோ, இன்னொரு பக்கம் 3.5 கிலோ.

## வழி 1: பேர்போன தாய்வழிக் கிடாரி

தாயைத் தண்ணித் துறையில பாத்தா பிள்ளைய வீட்டுல பாக்க வேணாம்னு நம்ம பெரியவங்க சொன்னது சும்மா இல்ல. அம்மா வருஷா வருஷம் கன்னு போடுதா, மடி நல்லா இருக்கா, கன்ன நல்லா பாத்துக்குதா, பாதம் பலமா இருக்கா, இதெல்லாம் மகளுக்குக் கணிசமா வரும். உட்கரு வழில பாதி வரும், அது போக வயித்துல இருந்தப்ப கெடைச்சது, சீம்பால், அம்மா பாலு, எல்லாம் சேரும்.

ஆனா இங்க "தாய்"னு பழமொழி சொல்றது பெத்த அம்மாவ. கேட்டலாக்ல போடறது அஞ்சு தலைமுறைக்கு முன்னாடி ஏதோ ஒரு ஷோல ஜெயிச்ச பாட்டியோட பேர. அம்மாகிட்ட இருந்து பாதி, பாட்டிகிட்ட கால், அப்பறம் எட்டுல ஒண்ணு, பதினாறுல ஒண்ணு, அஞ்சாவதுல முப்பத்திரண்டுல ஒண்ணு. அந்தப் பேர்போன பாட்டியோட உட்கரு டிஎன்ஏ இந்தக் கிடாரில அவ்வளவுதான் மிச்சம். கொறையாம அப்படியே வந்தது மைட்டோகாண்ட்ரியா ஒண்ணு மட்டும், அதோட மதிப்பத்தான் மேல கணக்குப் போட்டோம். அதுவும் அப்படியே வந்துச்சான்னு கேட்டா, 1982லயே ஒரே தாய்வழி ஹோல்ஸ்டீன் பசுக்களுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வேற வேறயா இருக்கறத கண்டுபிடிச்சிருக்காங்க.

இன்னொண்ணு, பேர்போன பசுவோட மகளுக்கு எப்பவுமே நல்ல கேம்ப் (வேலி போட்ட மேய்ச்சல் நெலம்), நல்ல லிக் (நக்கக் குடுக்கற தாது உப்பு), பொறந்ததுல இருந்தே ராஜ மரியாதை. அதோட பேத்திக்கும் அதேதான். மூணு தலைமுறையா நல்லா வளந்திருக்குன்னா அது ரத்தமா புல்லான்னு வெளிய இருந்து பாக்கற நமக்கு எப்படித் தெரியும்?

மறைஞ்ச செலவுல பெருசு நோய். ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் மாதிரி ஹார்ட்வாட்டர்ங்கற உண்ணி நோய் இல்லாத மேட்டு நெலத்துல வளந்த கிடாரிய நம்ம கரையோரம் கொண்டு வந்து விட்டா போன்ட் உண்ணி கடிச்சு ஹார்ட்வாட்டர்ல போயிடும், ரெட்வாட்டர்ங்கற இன்னொரு உண்ணி நோயும் பின்னாலயே நிக்கும். தடுப்பூசி போடலாம், ஆனா போட்டுட்டு காய்ச்சல் பாத்துக்கிட்டே இருக்கணும், வெட் செலவு தனி. அதுக்கு மேல கோமாரி. 2021ல இருந்து இந்த மாகாணத்துல வந்து வந்து போகுது, மாடு எடுத்துட்டுப் போறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, வாங்கின மாட்ட 28 நாள் தனியா வைக்கணும். அந்த 28 நாளைக்கு ஒரு தனிக் கேம்ப், தனித் தண்ணித் தொட்டி உங்ககிட்ட இருக்கான்னு ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடியே யோசிங்க.

இந்த வழி யாருக்குச் சரின்னா, ஸ்டட் வச்சு கிடாரியும் காளையுமா மத்தவங்களுக்கு விக்கிறவங்களுக்கு. அங்க பேரே சரக்கு, போட்ட காசு பேராலயே திரும்பி வரும். ஏலத்துக்கு வீனர் அனுப்பற நமக்கு, கன்ன வாங்கித் தீனி போட்டு வளக்கற ஃபீட்லாட்காரன் பாட்டி பேர் கேக்க மாட்டான், தராசுல ஏத்துன்னுதான் சொல்வான்.

இன்னொரு விஷயம், பேர்போன பசுவோட மகன்னு சொல்லி காளையயும் இதே பேச்சோட விக்கறாங்க. அந்தக் காளைக்குத் தன் அம்மாவோட மைட்டோகாண்ட்ரியா இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா உங்க மந்தையில ஒரு கன்னுக்குக் கூட அது போகாது. அம்மாவோட உட்கரு குணம் போகும், அத வேணா வெலைக்கு வாங்குங்க.

## வழி 2: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிப் பொறுக்கறது

இத சுருக்கமா முடிச்சுடலாம்னு நெனைச்சேன், ஆனா இதுல தான் சுவாரசியமான விஷயமெல்லாம் இருக்கு.

உலக மாடுகள தாய்வழி டிஎன்ஏ வச்சு குழுவா பிரிச்சிருக்காங்க. ஐரோப்பாவுல பெரும்பாலும் டி3, ஆப்பிரிக்காவுல டி1, நம்ம இந்தியத் திமில் மாடு ஐ1, ஐ2. இப்போ இங்க உள்ள எங்குனிங்கற நாட்டு மாட்டப் பாருங்க, கொஞ்சம் திமில் இருக்கு, பாத்தா பாதி இந்திய மாடு மாதிரி இருக்கு, ஆனா தாய்வழில அது டி1. ஆஃப்ரிக்கானரும் அதே. திமில் மாட்டு ரத்தம் ஆப்பிரிக்காவுக்குள்ள காளை வழியாத்தான் பெரும்பாலும் வந்துச்சு, பசு இங்கயே இருந்ததுன்னு 1990கள்ல இத வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. பொன்ஸ்மாராவும் கிட்டத்தட்ட அதே கதைதான். 1930கள் கடைசில மாரா ஆராய்ச்சிப் பண்ணையில யான் பொன்ஸ்மா ஆஃப்ரிக்கானர் பசுக்கள ஹெரஃபோர்ட், ஷார்ட்ஹார்ன் மாதிரி பிரிட்டிஷ் காளைங்களோட சேத்துத்தான் ஆரம்பிச்சாரு, எட்டுல அஞ்சு பங்கு ஆஃப்ரிக்கானர், பசுப் பக்கமும் அதுதான். ஆக எங்குனி, ஆஃப்ரிக்கானர், பொன்ஸ்மாரா மூணுலயும் எத டெஸ்ட் பண்ணினாலும் அநேகமா டி1னு தான் வரும். அத வச்சு எத பொறுக்கறது?

பிராமன்ங்கற மாட்டு எனம் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவுக்கு இந்தியாவுல இருந்து போனது கொஞ்சம் மாடுதான், அதுலயும் பெரும்பாலும் காளை, அங்க இருந்த ஐரோப்பியப் பசு மேல தலைமுறை தலைமுறையா போட்டுத்தான் பிராமன உண்டாக்கினாங்க. ஒவ்வொரு தலைமுறையும் பாதி, முக்கால், எட்டுல ஏழுன்னு ஏறி அஞ்சாவதுல முப்பத்திரண்டுல முப்பத்தொண்ணு இந்திய மாடு ஆயிடும், தாய்வழி மட்டும் மொதல் பசுவோடதாவே நிக்கும். ஆந்திராவுல இருந்து பிரேசிலுக்குப் போன நெல்லூர் மாட்டுலயும் பெரிய பங்குக்குத் தாய்வழி ஐரோப்பிய மாடுன்னு 1999ல காட்டினாங்க. வெள்ளைத் தோல், பெரிய திமில், தொங்கற அலதாடி, எல்லாம் நம்மூரு மாடு, உள்ள இருக்கற தாய்வழி வேற. உண்ணியும் வெயிலும் தாங்கறதுல அந்த மாடுங்களுக்கு ஒரு கொறையும் இல்லைங்கறத கவனிங்க, அந்தக் குணமெல்லாம் உட்கருவுலதான் இருக்குங்கறதுக்கு இத விட என்ன வேணும். 1860ல கப்பல்ல வந்தவங்க வம்சம் நாம, மாட்டுக்கும் ஒரு இந்தியப் பாட்டி இருந்தா நல்லாருக்கும்னு ஒரு ஆசை வரத்தான் செய்யும், எனக்கும் வரும், ஆனா ஐ1னு ரிசல்ட் வந்தா கன்னு எடை ஏறாது.

எங்குனியோட புள்ளி, கலர் பேட்டர்ன வச்சு "இது பழைய தாய்வழி"ன்னு சொல்றதும் உண்டு. கலரெல்லாம் உட்கரு சமாச்சாரம், காளை மாறினா கலரும் மாறும்.

செலவப் பாத்தா, ஒண்டர்ஸ்டபோர்ட் லேப்ல பண்ற வழக்கமான பேரண்டேஜ் டெஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவ பாக்கறதில்ல, அது உட்கரு மார்க்கர் வச்சு அப்பா யாரு அம்மா யாருன்னு சொல்றது. ரெண்டையும் கொழப்பிக்கிட்டு "டிஎன்ஏ டெஸ்ட் ஆயிடுச்சு"ன்னு ஒரு பேப்பர் காட்டினா, எந்த டெஸ்ட்னு கேளுங்க. மைட்டோகாண்ட்ரியாவ தனியா படிக்கறது இன்னும் ஆராய்ச்சி வேலைதான், ரிசல்ட் வந்தாலும் அத எடையாவோ ஈத்தாவோ மாத்திச் சொல்ல நம்ம எனங்களுக்கு அட்டவணை கெடையாது.

இது உபயோகப்படற எடமும் உண்டு. ஒரே தாய்வழின்னு புத்தகத்துல எழுதின ரெண்டு மாட்டுக்கு முழுசா வேற குழு வந்தா, எங்கயோ கன்னு மாறிப் போச்சுன்னு அர்த்தம், பழைய ரெக்கார்ட சரி பாக்க இது கெட்டிக்காரக் கருவி. அப்பறம் எங்குனி பாதுகாப்பு மந்தை வச்சிருக்கறவங்க, பழைய தாய்வழிகள்ல எது அழிஞ்சு போற நெலைல இருக்குன்னு பாத்துக் காப்பாத்தறதுக்கு. அவங்க பண்ணட்டும், பண்ணணும்.

## வழி 3: ரெக்கார்டும் ஈபிவியும்

ஈபிவிங்கறது அந்த மாடு, அதோட அம்மா அப்பா, அண்ணன் தங்கச்சி, கன்னு எல்லாரோட அளவையும் சேத்து, ஒரே பண்ணையில ஒரே சீசன்ல வளந்ததுகளுக்குள்ள ஒப்பிட்டு வர்ற நம்பர். ரத்தமா புல்லான்னு கேட்டோமே, அதுக்குக் கிட்டத்தட்ட பதில் சொல்றது இது ஒண்ணுதான். வீனர் எடைக்கு ரெண்டு நம்பர் இருக்கும், ஒண்ணு கன்னோட சொந்த வளர்ச்சி, இன்னொண்ணு அம்மா பங்கு, அதாவது பாலும் பராமரிப்பும். தாய்வழி ஆசை இருக்கறவங்க பாக்க வேண்டியது இந்த ரெண்டாவது நம்பர, அதுல அம்மா குணம் அளந்தே கெடைக்குது.

கொறையும் இருக்கு. சின்னக் கிடாரிக்கு நம்பரோட நம்பகம் கம்மி, பக்கத்துல இருக்கற அக்யூரசிய பாக்காம ஈபிவிய மட்டும் பாத்தா ஏமாறலாம். ஈத்து இடைவெளி மாதிரி குணத்துல பொறவி வழி பங்கே ரொம்பக் கம்மி, நம்பர் என்ன சொன்னாலும் உங்க புல்லும் லிக்கும்தான் முடிவு பண்ணும். அப்பறம் ரெக்கார்டு வச்சிருக்கற மந்தை மாடுதான் வாங்க முடியும், அது வெலை கூட, பக்கத்துல கெடைக்காது, வழி 1ல சொன்ன உண்ணி, 28 நாள் தொல்லையெல்லாம் இங்கயும் உண்டு. எங்குனி மாதிரி மாட்டுல பெரிய எடை ஈபிவிய தொரத்திக்கிட்டே போனா 350 கிலோ பசு 450 கிலோ ஆகி, நம்ம சவர்வெல்ட் புல்லுல, அதாவது குளிர்காலத்துல சத்து கொறையற புல்லுல, எலும்பா நிக்கும், அதயும் சேத்து யோசிங்க.

நீங்களே ரெக்கார்டு ஆரம்பிக்கலாம், அது தான் எனக்குப் பிடிச்சது. ஏஆர்சிங்கற விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தற கௌனஃபாட்சோ யா டிக்கோமோ திட்டம் சின்ன மந்தைக்காரங்களுக்குன்னே இருக்கு, எடை போட்டு எழுதி வைக்க உதவி பண்றாங்க. ஒரு தராசு, காதுல நம்பர், கன்னு போட்ட தேதி எழுத ஒரு நோட்டு. ரெண்டு மூணு ஈத்து எழுதிட்டீங்கன்னா உங்க மந்தையிலயே எந்தத் தாய்வழி நல்ல வழின்னு யாருக்கும் காசு குடுக்காமத் தெரிஞ்சுடும்.

## வழி 4: உள்ளூர் பசு, காசு காளை மேல

பக்கத்துல உள்ள சுலு பெரியவர்கிட்டயோ நம்ம ஆளுகிட்டயோ, அதே உண்ணி கடிச்சு அதே டிப் டேங்க்ல (உண்ணி மருந்துத் தொட்டில) எறங்கி வளந்த எங்குனி மாதிரி பசு வாங்கறது. சின்ன ஒடம்பு, கம்மித் தீனி, கன்னு போடறப்ப கஷ்டம் கம்மி, பெரிய எனக் காளையப் போட்டாலும் சுலபமா ஈனும்னு பேரு வாங்கின மாடு. மேல பொன்ஸ்மாராவோ பிராமனோ நல்ல ஈபிவி காளை. கலப்புக் கன்னுக்கு ஹெட்டரோசிஸ், அதாவது கலப்பு வீரியம், தனி போனஸ், அது எந்தத் தாய்வழிலயும் வாங்க முடியாத சங்கதி.

அந்த 60 கிலோ கணக்கு இங்கதான் பலிக்கும். ஆனா காளைன்னா சும்மா இல்ல. ஒரு காளை 20, 25 பசுவுக்குப் போதும், உங்ககிட்ட எட்டுதான் இருக்குன்னா ஒவ்வொரு கன்னு மேலயும் விழற காளைச் செலவு எகிறிடும். அதுக்காகப் பக்கத்துக்காரரோட சேந்து காளை வாங்கலாம்னு போனா ட்ரிக், விப்ரியோன்னு ரெண்டு இனப்பெருக்க நோயும் காளை வழியா மந்தை மந்தையா பரவும், பசு செனை நிக்காது, காரணமும் வெளிய தெரியாது, வருஷம் போயிடும். சேந்து வாங்கறதா இருந்தா ரெண்டு மந்தையயும் டெஸ்ட் பண்ணிட்டுச் சேருங்க. ரெண்டு மூணு வருஷத்துல அது போட்ட கிடாரியே பருவத்துக்கு வந்து நிக்கும், அப்ப காளைய மாத்தணும், அந்தச் செலவயும் இப்பவே எழுதி வைங்க. ஏஐ (செயற்கைக் கருவூட்டல்) பண்ணலாம், ஆனா பசு சூட்டுக்கு வர்றத பாக்க காலைலயும் சாயங்காலமும் ஆளு வேணும், கடைல நிக்கிறவங்களுக்கு அது முடியாது.

பசுப் பக்கம் பெரிய பயம் புரூசெல்லாங்கற செனை கலைக்கற நோய். நாலு மாசத்துல இருந்து எட்டு மாசத்துக்குள்ள கிடாரிக்குத் தடுப்பூசி போடணும்னு சட்டமே இருக்கு, போட்டாங்களான்னு கேளுங்க, ரத்த டெஸ்ட் இல்லாம பக்கில (பிக்அப் வண்டில) ஏத்தாதீங்க. மாட்டு மேல போட்ட சூட்டுக்குறி யாரோடதுன்னும் பாத்துக்கங்க, திருட்டு மாடு கைல மாட்டினா மாடும் போகும் காசும் போகும்.

## ஒரே பார்வையில

| அளவு | பேர்போன தாய்வழி | மைட்டோ டெஸ்ட் | ரெக்கார்டு, ஈபிவி | உள்ளூர் பசு, நல்ல காளை |
|---|---|---|---|---|
| கன்னுக்கு எறங்கறது | அம்மா, பாட்டி வரை நல்லா. அதுக்கு மேல சொற்பம் | ரொம்பக் கம்மி | நல்லா | காளை வழில எல்லாக் கன்னுக்கும் |
| ரத்தமா புல்லா பிரிக்கலாமா | முடியாது | முடியாது | பெரும்பாலும் முடியும் | காளைக்கு முடியும், பசுவுக்கு முடியாது |
| மறைஞ்ச செலவு | ஹார்ட்வாட்டர், 28 நாள் | லேப், அர்த்தம் சொல்ல ஆளில்ல | தூரம், நம்பர் நம்பகம் | ட்ரிக், காளை மாத்தறது |
| தப்பாப் போனா | பெரிய அடி | டெஸ்ட் காசு மட்டும் | நடுத்தரம் | பசு பக்கம் சின்ன அடி, காளை செத்தா பெரிய அடி |
| யாருக்கு | ஸ்டட் | பாதுகாப்பு மந்தை, ரெக்கார்ட் சரிபார்ப்பு | 25 மாட்டுக்கு மேல வச்சு, எழுதற பழக்கம் உள்ளவங்க | வீனர் விக்கிற சின்ன மந்தை |

## பால் மாடு, எம்ப்ரியோ: சின்னதா ஒண்ணு

மிட்லண்ட்ஸ் பக்கம் ஜெர்சி வச்சிருக்கறவங்க "எங்களுக்குத் தாய்வழி முக்கியம்தான"ன்னு கேப்பாங்க. பால் ஆராய்ச்சிலதான் அந்த 2 சதவீதமே வந்துச்சு, அதனால உங்களுக்கு இது கறி மாட்ட விடக் கொஞ்சம் கூட நெசம், ஆனா அதே பால்ல பொறவி வழி 30 சதவீதம் கிட்ட உட்கருவுல இருக்கறப்ப மொதல்ல எதுக்குக் காசுன்னு நீங்களே சொல்லுங்க.

எம்ப்ரியோ (வேற பசு வயித்துல வைக்கற கரு) வாங்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, மைட்டோகாண்ட்ரியா முட்டை குடுத்த பசுவோடது, வயித்துல சுமக்கற பசு அதுல ஒண்ணும் குடுக்காது. ஆனா சுமக்கற பசுவோட பாலும் உண்ணி தாங்கற தெம்பும்தான் அந்தக் கன்ன வளக்கப் போகுது. அதனால வெலை ஒசந்த எம்ப்ரியோவ மெலிஞ்ச பசு வயித்துல வைக்காதீங்க, அங்க தாய்வழிய விட சுமக்கற தாய்தான் முக்கியம்.

ஏலத்துக்குப் போறவங்க விக்கிறவர்கிட்ட கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டு: இந்தக் கிடாரியோட அம்மா எந்தெந்தத் தேதில கன்னு போட்டுச்சு, அந்தக் கன்னுங்க பால் மறக்கறப்ப எவ்வளவு எடை. அம்மாவோட அம்மாவுக்கும் அதே ரெண்டு கேளுங்க. பதில் நோட்டுல இருந்து வந்தா கொஞ்சம் கூட வெலை குடுக்கலாம், வாயில இருந்து வந்தா சாதா வெலைக்கு மேல கைய தூக்காதீங்க.